ஒரே நாற்காலியில் அறுபத்து மூன்று கடிதங்கள்

2024 மே 16, வியாழக்கிழமை, காலை ஒன்பது பத்து. வெள்ளவத்தைக் கடல் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. மழையும் இல்லை, காற்றும் இல்லை. மின்விசிறியை இரண்டாம் இலக்கத்தில் வைத்துவிட்டுக் கணினியின் முன் உட்கார்ந்தேன்.

எங்கள் மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் நின்று ஐந்து மாதம். நாங்கள் ஐந்தாம் மாடி; கீழே இறங்கத் தொண்ணூறு படி. முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு என் மனைவி ஒரு தடவைதான் கீழே போனாள், அதுவும் இரண்டு பேர் கதிரையோடு தூக்கி. கட்டடத்தைக் கட்டி விற்றவர்கள் மேல் வழக்குப் போட்டிருந்தோம். அவர்கள் எழுதிய மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் திங்கட்கிழமைக்குள் வரிசைப்படி கொண்டுவரும்படி நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் எங்கள் சட்டத்தரணி கேட்டிருந்தார். மொத்தம் அறுபத்து மூன்று. அவற்றில் முப்பத்து நான்காவதுதான் உயிர். மோட்டரைத் தங்கள் செலவில் மாற்றித் தருவதாக அவர்களுடைய முகாமையாளர் ஒத்துக்கொண்டது அதில்தான்.

வங்கியின் கணினிப் பிரிவில் முப்பத்தொரு வருடம் வேலை செய்தவன் நான். இன்றும் கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டித்தான் கடிதம் பார்ப்பேன். என் முறையில் ஒவ்வொரு கடிதமும் ஒரு தனிக் கோப்பு, ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம். ஒரு கோப்புறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற ஒரு வரி போதும். கடிதம் என் கணினியில் இறங்கியதும் மின்னஞ்சல் நிறுவனத்திடம் இருக்கும் பிரதி அழிந்துவிடும்படி நானே அமைத்திருந்தேன். என் கடிதம் இன்னொருவன் வீட்டில் எதற்கு?

'லிஃப்ட்' என்று ஒரு கோப்புறை செய்தேன். பிறகு ஒரு கடிதத்தைத் திறந்து வாசிப்பேன், அதை அந்தக் கோப்புறைக்கு நகர்த்தும் கட்டளையைக் கொடுப்பேன், கொப்பியில் சரி அடையாளம் போடுவேன். எல்லாவற்றையும் ஒரே வரியில் நகர்த்தியிருக்கலாம். ஆனால் எண்ணாமல் ஒன்றையும் கைமாற்றிப் பழக்கமில்லை. பதினொன்று இருபதுக்கு அறுபத்து மூன்றாவது அடையாளத்தையும் போட்டுவிட்டு, கோப்புறையைத் திறந்து எண்ணச் சொன்னேன்.

கோப்புறை அங்கே இல்லை. அந்தப் பெயரில் ஒரேயொரு கடிதம் இருந்தது. அறுபத்து மூன்றாவது. சித்திரைப் புத்தாண்டுக்கு அவர்கள் அனுப்பிய வாழ்த்து, பால் பொங்கும் பானைப் படத்தோடு.

விளங்கப் பத்து நிமிடம் எடுத்தது. கோப்புறையை நான் கணினிக்குள் வேறோர் இடத்தில் நின்றுகொண்டு செய்திருக்கிறேன். கடிதங்கள் இருந்த இடத்தில் அப்படியொன்று கிடையாது. இல்லாத கோப்புறைக்குள் போடச் சொன்னதும், கணினி முதற் கடிதத்துக்கு 'லிஃப்ட்' என்று பெயர் மாற்றிவிட்டது. இரண்டாவது வந்ததும் முதலாவதை அழித்து அந்தப் பெயரில் உட்கார்ந்தது. ஒரே நாற்காலியில் அறுபத்து மூன்று பேரை ஒருவர் பின் ஒருவராக இருத்தியிருக்கிறேன், எழுந்தவரெல்லாம் மாயம். எரிச்சல் என்னவென்றால், ஒரே வரியில் எல்லாவற்றையும் அனுப்பியிருந்தால், அப்படியொரு கோப்புறை இல்லை என்று அதே கணினி மறுத்திருக்கும்.

மனைவி அறை வாசலில் ஊன்றுகோலோடு நின்றாள்.

"என்னப்பா, முகம் ஏன் இப்பிடிக் கிடக்கு?"

"கடிதங்கள் அழிஞ்சு போட்டுது."

"எத்தினை?"

"அறுபத்திரண்டு."

"எண்ணிக்கொண்டுதானே இருந்தனீங்கள்?"

நான் கொப்பியை மூடி வைத்தேன். அவள் யன்னல் பக்கம் போய், "அப்ப இனி நான் இந்தத் தொண்ணூறு படிக்கு மேலதான்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அந்தக் கடிதங்களின் பிரதி இன்னும் ஒருவருக்குப் போனது. இரண்டாம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர், எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவி. நான் செயலாளர். அவருடைய கைபேசியில் பதினோராயிரம் வாசிக்காத மின்னஞ்சல்கள் கிடந்ததைப் போன மாதக் கூட்டத்தில் கண்டு, எல்லார் முன்னாலும், "இது தபால்பெட்டியா, குப்பைத்தொட்டியா?" என்று கேட்டிருந்தேன். அது நினைவில் இருந்ததால் ஐம்பத்து நான்கு படி இறங்க அரை மணி நேரம் தாமதித்தேன்.

நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு அவர் கைபேசியை எடுத்தார்.

"குப்பையக் கிண்ட வந்தீங்களா சேர்?"

"ஓம் டீச்சர்."

"நான் ஒண்டையும் அழிக்கிறல்ல. எங்கட உம்மா பால்மா டின்னையும் எறிய மாட்டா." விரலால் இரண்டு தரம் தட்டினார். "இந்தா, உங்கட கொம்பனிக்காரன். எத்தின வேணும்?"

அறுபத்து மூன்றும் இருந்தன. நான் முதலில் முப்பத்து நான்காவதை வாசித்தேன், பிறகு எல்லாவற்றையும் இரண்டு தரம் எண்ணினேன். அவர் அதுவரை தேத்தண்ணீர் ஊற்றினார்.

திங்கட்கிழமை புதுக்கடைக்கு இருவரும் போனோம். கடிதங்கள் டீச்சரின் பெட்டியிலிருந்து வந்தவை என்பதால் சத்தியக்கடதாசியும் அவர் பெயரில்தான் என்றார் சட்டத்தரணி. ஐந்து மாதம் தலைப்பு எழுதி, திகதி எழுதிக் கொப்பியில் பதிந்தவன் நான். கையெழுத்துப் போட்டவர் டீச்சர். நான் வாங்கில் உட்கார்ந்து அவருடைய கைப்பையை வைத்திருந்தேன். திரும்பும் வழியில் ஒரு சாப்பாட்டுக் கடையைக் காட்டி, "சாட்சிக்காரருக்குப் பசிக்குது" என்றார்.

முப்பத்து நான்காவது கடிதத்தைப் பார்த்த பிறகு எதிர்ப்பக்கம் வாதாடவில்லை, மோட்டர் மாற்றத் தவணைதான் கேட்டது. ஏழாவது கிழமை புது மோட்டர் வந்தது. மனைவி லிஃப்டில் கீழே இறங்கி, காலி வீதி வரை போய்விட்டு வந்து, "பெயின்ற் மணக்குது" என்றாள்.

இப்போது நான் முதலில் கோப்புறை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்த்துகிறேன். ஒவ்வொன்றாகத்தான்.

அந்தத் திங்கட்கிழமைச் செலவு: போகவர ஓட்டோ ஆயிரத்துத் தொளாயிரம். தொண்ணூற்றேழு பக்கம் அச்சடிக்க, பக்கம் இருபதுப்படி ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பது. சத்தியக்கடதாசி ஆயிரத்தைந்நூறு. டீச்சருக்கு இரண்டு ரோல்ஸும் ஒரு பிளேன்ரீயும் முந்நூற்றறுபது. ஆக, ஐயாயிரத்து எழுநூறு ரூபாய்.