பன்னிரண்டு பாகங்களுக்கு மட்டை மாறிய விவகாரம்

பிரிக்பீல்ட்ஸில் கோபக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கோபத்தை ஒரு தொழில் தகுதியாகவே வளர்த்து வைத்திருந்தவர் என்று பார்த்தால் இராஜம்மா ஒருத்தியைத்தான் சொல்ல வேண்டும். 1993ஆம் ஆண்டில் அவளுக்கு வயது நாற்பத்தேழு. அண்ணனுடைய லாண்டரிக் கடைக்கு முன்னால், அஞ்சடி நடைபாதையில், மூன்று மர அலமாரிகளும் ஒரு முக்காலியும் போட்டு, ஜப்பான் கோமிக் புத்தகங்களை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் மலாயில் மொழிபெயர்த்தவை. கிள்ளானில் மூடப்போன ஒரு சீனர் கடையிலிருந்து எட்டுப் பெட்டிகளில் வந்து இறங்கியவை.

அதற்கு முன்பு பதினைந்து வருஷம் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் அவள் தரப் பரிசோதகர். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, நகக்கண் அளவுள்ள சில்லுகளைப் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று பிரிப்பது வேலை. தொழிற்சாலை ஒரு நாள் பக்கத்து நாட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டது. இராஜம்மாவின் கண் மட்டும் போகவில்லை. அது சில்லுகளை விட்டுவிட்டு மனிதர்கள் மேல் திரும்பியது.

கடைக்கு வந்து “ஏதாவது நல்லதா குடுங்க” என்று கேட்பவர்களை அவள் அடியோடு வெறுத்தாள். நல்லது என்றால் யாருக்கு நல்லது? கிளினிக்கில் போய் ஏதாவது நல்ல மருந்தாகக் கொடுங்கள் என்று கேட்பீர்களா? இதைக் கேட்டுவிட்டு மூன்று கேள்விகள் போடுவாள். சோறு தின்னும்போது யார் பேசினால் எரிச்சல் வரும்? படம் பார்க்கப் போனால் எந்த இடத்தில் எழுந்து வெளியே போவீர்கள்? வீட்டில் யாரோடு பேச்சு வார்த்தை இல்லை? மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்பித்த வாசகர் பிரிக்பீல்ட்ஸில் கிடையாது. பதில் வந்ததும் அலமாரியிலிருந்து ஒரு தொடரை உருவி நீட்டுவாள். வேறு எதையும் தொட அனுமதி இல்லை.

காதல் கதை கேட்டு வந்த புனிதவதி என்கிற ஆஸ்பத்திரித் தாதிக்கு, பாகத்துக்கு நாலு பேர் விஷம் வைத்துக் கொல்லப்படும் தொடரைக் கொடுத்தாள். பகல் முழுக்க எல்லாரையும் காப்பாற்றுகிறவளுக்குச் சாயங்காலம் சிலர் செத்தால்தான் நிம்மதி என்பது அவளது கணிப்பு. புனிதவதி அதை மூன்று முறை படித்தாள். அடிதடி கேட்ட லோரி டிரைவர் நாகையாவுக்குச் சமையல்காரன் கதை கிடைத்தது. அவர் அதைக் காப்பார் ஊருக்குப் போகும் சாலையோரம் லோரியை நிறுத்திவைத்துப் படித்துவிட்டு, சிவந்த கண்ணோடு வந்து அடுத்த பாகம் கேட்டார். இராஜம்மா இதுவரை தவறியதில்லை என்று ஊர் சொன்னது. அவளும் மறுக்கவில்லை. அந்தப் பேச்சைத் தவிர அவளிடம் சொத்து என்று வேறெதுவும் இல்லை.

அப்படிப்பட்டவளிடம்தான் சீவரத்தினம் வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், ரயில்வே அலுவலகத்தில் முப்பத்து நாலு வருஷம், தலைமை எழுத்தராக ஓய்வு. நிபந்தனைகளைக் காகிதத்தில் எழுதியே கொண்டுவந்திருந்தார். இரத்தம் கூடாது. முத்தம் கூடாது. பேய் கூடாது. பள்ளிப் பிள்ளைகள் கூடாது. முடியாத தொடர் கூடவே கூடாது. தொடர் முழுவதும் ஒரே தடவையில் கையில் வர வேண்டும்.

இராஜம்மாவுக்கு மூக்கு விடைத்தது. ஆனால் மூன்றாவது கேள்விக்கு அவர் சொன்ன பதில் அவளை உட்கார வைத்தது. கிள்ளானில் இருக்கும் தம்பி யோகநாதனோடு பதினோரு வருஷமாகப் பேச்சில்லை. காரணம் குடும்பத்தில் நடந்த ஒரு கல்யாணத்தின் பத்திரிகை. அழைப்பவர்கள் வரிசையில் அண்ணன் பெயருக்கு மேலே தம்பி பெயர் அச்சாகிவிட்டது. அச்சடித்தவர் தம்பி. அரசாங்க அச்சகத்தில் பைண்டிங் பகுதியில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவர். அவருக்கா வரிசை தெரியாது?

இராஜம்மா மேல் அலமாரியிலிருந்து பன்னிரண்டு பாகத் தொடர் ஒன்றை இறக்கினாள். அவள் அறிந்தவரை கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே முழுசாக இருந்தது அந்த ஒரு தொகுதிதான். ஓர் ஆற்றின் இரண்டு கரையிலும் படகு ஓட்டும் அண்ணன் தம்பி கதை. ஒவ்வொரு பாகமும் பெரிய சண்டையில் தொடங்கும். இரண்டு பேரும் ஒரே பானைச் சோற்றைப் பங்கு போட்டுத் தின்பதில் முடியும். பன்னிரண்டு பாகமும் அப்படித்தான். இதைப் படித்துவிட்டு இந்த மனுஷன் கிள்ளானுக்கு பஸ் ஏறவில்லை என்றால் கடையை மூடிவிட்டுப் போய்விடுவேன் என்று புனிதவதியிடம் சொன்னாள். இது இரக்கம் அல்ல. தொழில் மானம்.

மூன்று வாரம் கழித்து சீவரத்தினம் திரும்பி வந்தார். பழுப்புத் தாளில் கட்டிய பொட்டலம், மேலே ஒரு கடிதம். கடிதத்தின் சாரம் இதுதான்: தங்கள் நூல்கள் பன்னிரண்டிலும் அச்சகத்தார் முன் மட்டையைப் பின்பக்கத்தில் ஒட்டிவிட்டபடியால், பொதுநலன் கருதி அவை திருத்தப்பட்டுள்ளன.

இராஜம்மா பொட்டலத்தைப் பிரித்தாள். ஜப்பான்காரர்கள் புத்தகத்தை வலப்பக்கமிருந்து படிக்கிறவர்கள். மலாயில் போட்டவர்களும் படத்தைத் திருப்பாமல் அப்படியே அச்சடித்திருந்தார்கள். சீவரத்தினம் கெட்டில் ஆவியில் காட்டி மட்டைகளை உரித்து, முன்னதைப் பின்னும் பின்னதை முன்னும் ஒட்டி, போதாததற்கு ஓரத்தில் துளை போட்டு, கோப்புகளுக்குக் கட்டும் பச்சை நூலால் முடிந்திருந்தார். கதையின் கடைசிப் பக்கம் இப்போது முதல் பக்கம். அதில் ‘தமாட்’ என்று, அதாவது முற்றும் என்று, இருந்ததைச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் போட்டிருந்தார். பன்னிரண்டு பாகத்திலும்.

அவளுக்குக் காது வரை சூடேறியது. பேச்சு வரவில்லை. அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்ட சீவரத்தினம் கதையைப் பற்றித் தன் கருத்தைச் சொல்லத் தொடங்கினார். பதில் முதலில் வந்து கேள்வி பிறகு வருவது ஆரம்பத்தில் சற்றுச் சிரமமாக இருந்ததாம். ஆனால் தலைமை அலுவலகத்தோடு முப்பத்து நாலு வருஷம் கடிதப் போக்குவரத்து நடத்தியவருக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. கதை அருமை என்றார்.

“எழுதினவன் சகோதரங்களை வடிவா அறிஞ்சவன், பிள்ளை. பன்னிரண்டு தரம் ஒண்டா இருந்து சோறு தின்னுறாங்கள். பன்னிரண்டு தரமும் அடிபட்டுப் பிரியுறாங்கள். நான் கிள்ளானுக்குப் போகாம இருந்தது எவ்வளவு சரியெண்டு இப்பதான் விளங்குது.”

மருந்து விஷமாகிவிட்டது. அதுவும் அவள் கையால் கொடுத்த மருந்து.

“அங்கிள், நீங்க பின்னாலேர்ந்து படிச்சிருக்கீங்க. புக்க கொலை பண்ணிட்டு எனக்கு லெட்டர் வேற எழுதிக் கொண்டாறீங்களா?”

“பின்னால இருந்து படிக்க எனக்கென்ன விசரா? மட்டை பிழை.”

“மலாய அரபு எழுத்துல எழுதுற ஜாவி தெரியும்லா உங்களுக்கு? பரீட்சையெல்லாம் பாஸ் பண்ணேன்னு சொன்னீங்க. அது எந்தப் பக்கத்துலேர்ந்து படிப்பாங்க?”

“ஜாவிக்கு ஜாவி முறை. இது ரூமி, இங்கிலிஸ் எழுத்து. ரூமியில அச்சடிச்சுப்போட்டு ஜாவிக்கு ஒட்டுற மாதிரி மட்டை ஒட்டினா அது பிழைதான். இது பைண்டிங் விஷயம், பிள்ளை. நீங்களும் நானும் கதைச்சுப் பிரயோசனமில்லை. பைண்டிங் தெரிஞ்ச ஆள்தான் சொல்ல வேணும்.”

பைண்டிங் தெரிந்த ஆள் யார் என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவு வந்தது. கெட்டிக்காரியாக இருந்தால் இராஜம்மா அங்கே சிரித்திருக்க வேண்டும். அவள் கோபக்காரி. போய் அந்தத் தம்பியையே கேளுங்கள், அவராவது உங்களுக்கு வலது இடது சொல்லித் தரட்டும் என்று, லாண்டரியில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அண்ணன் வெளியே எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினாள். சீவரத்தினம் நாலாம் பாகத்தை மட்டும் சாட்சிப் பொருளாக எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, கிள்ளான் பஸ் எத்தனை மணிக்கு என்று அவளிடமே விசாரித்துவிட்டுப் போனார்.

அடுத்த மூன்று நாளும் கடைக்கு வந்தவர்கள் பாவம். ஒருவர் பக்கத்தின் மூலையை மடித்துவிட்டார் என்பதற்காக ஆறு மாதத் தடை வாங்கினார். நாகையாவுக்குச் சமையல்காரன் கதையின் எட்டாம் பாகம் கிடைக்கவில்லை. பொறுமையைப் பற்றிய ஒரு சொற்பொழிவு கிடைத்தது. மீதிப் பதினோரு பாகங்களை அவள் தொடவே இல்லை. உரித்தால் கிழிந்துவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். ஆனால் அதைவிடப் பெரிய பயம், அந்தக் கிழவர் கிள்ளானுக்குப் போய், வாசலிலேயே சண்டை போட்டுவிட்டு, அதற்கும் இந்தக் கதையை ஆதாரம் காட்டுவாரோ என்பது.

நாலாம் நாள் காலையில் இரண்டு பேராக வந்தார்கள். ஒரே மாதிரி வழுக்கை, ஒரே மாதிரி குடை. யோகநாதன் சற்றுக் குள்ளம். கையில் நாலாம் பாகமும் ஒரு கடிதமும். நாலாம் பாகத்தை நேரில் பரிசோதித்ததில், அதன் மட்டை முதலில் தவறாகவே ஒட்டப்பட்டிருந்தது என்றும், மூத்த சகோதரர் செய்த திருத்தம் முறையானதே என்றும், கடை நடத்துபவரின் கூற்று அடிப்படை அற்றது என்றும் எழுதியிருந்தது. கீழே இரண்டு கையெழுத்து. அண்ணன் பெயர் மேலே.

“அண்ணன் சொன்னது சரி, தங்கச்சி. ஒட்டினது எவனோ புதுப் பெடியன். என்ட பகுதியில எண்டா அண்டைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பன்” என்றார் யோகநாதன். “தம்பிக்கு இதுல இருபத்தெட்டு வருஷ சேவை” என்று சீவரத்தினம் ஒத்து ஊதினார், தானே பெற்று வளர்த்த சேவை மாதிரி.

மூன்று நாளும் அண்ணன், தம்பியின் வீட்டிலேயே தங்கியிருந்தார் என்பதும், அறிக்கையை மூன்று முறை எழுதித் திருத்தினார்கள் என்பதும் பேச்சுவாக்கில் வெளிவந்தன. பத்திரிகை விவகாரத்தை யாரும் எடுக்கவே இல்லையாம். நேரம் இருக்கவில்லையாம்.

பக்கத்தில் நின்ற புனிதவதி மெல்ல இராஜம்மாவின் முழங்கையைத் தொட்டு, “அக்கா, நீங்க சொன்ன மாதிரியே நடந்துருச்சி” என்றாள்.

“என்னா நடந்துச்சி? நான் தப்புன்னு ரெண்டு கையெழுத்து போட்டுக் குடுத்திருக்காங்க. கண்ணு தெரியலயா உனக்கு?”

இராஜம்மா லாண்டரிக்குள் போய்க் கெட்டிலையும் பசை டப்பாவையும் கொண்டுவந்து முக்காலியில் வைத்தாள். பன்னிரண்டையும் பழையபடி ஆக்காமல் இந்த அஞ்சடியை விட்டு யாரும் நகரக் கூடாது என்றாள். சரியானதைப் பிழையாக்குவது நடைமுறைக்கு விரோதம் என்று சீவரத்தினம் ஆட்சேபித்தார். எழுத்து மூலமாக ஆட்சேபணையைப் பதிவு செய்துகொண்டு வேலையைச் செய்வதற்கு இடம் உண்டு என்று தம்பி எடுத்துக்கொடுத்தார். பதிவு செய்தார்கள். பிறகு தரையில் நாளிதழை விரித்து உட்கார்ந்து, அண்ணன் நூலை அறுக்க, தம்பி ஆவியில் மட்டையை உரிக்க, இப்படிப் பிடி, அப்படி இழுக்காதே என்று மத்தியானம் வரை ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள். ஏழாம் பாகத்தில் யோகநாதன் வேலையை மறந்து வலப்பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் அண்ணனுடைய தலையும் அதே பக்கத்தின் மேல் கவிழ்ந்தது. பக்கத்தைத் திருப்புவது யார் என்று அதற்கும் ஒரு தகராறு.

இராஜம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்த இரண்டு பேருக்கும் அடுத்தது எந்தத் தொடர் என்பது அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கீழ் அலமாரி, இடது மூலை, பதினாறு பாகம். ஆனால் எடுத்துத் தரமாட்டாள். முதலில் மன்னிப்புக் கடிதம் வரட்டும். இரண்டு கையெழுத்தோடு வரட்டும்.