மண்டபம் கிடைக்காத கைது

“அம்மா, அரெஸ்ட் பண்ணிட்டாங்க. ஆனா மண்டபம்தான் கிடைக்கல!”

போன வியாழக்கிழமை மதியம் என் மகள் கயல் போனில் சொன்னது இது. கேட்டு அழுவதா, சிரிப்பதா... நீங்களே சொல்லுங்கள்.

கயல் இங்கே சிவகாசியில் ஒரு அச்சக கம்பெனியில் டிசைனர். சமீபத்தில் நடந்த பட்டாசு ஆலை விபத்தில் அவள் தோழியின் அம்மா இறந்துபோனார். ஒழுங்கான விசாரணை வேண்டும் என்று பெண்கள் சேர்ந்து ஆர்ப்பாட்டம் அறிவித்தார்கள். அனுமதி கிடையாது என்றது போலீஸ்.

அதோடு விட்டார்களா? ஆர்ப்பாட்டத்துக்கு முந்தின நாள் மாலை ஒரு எஸ்.ஐ. எங்கள் வீட்டுக்கே வந்தார். ஷூவைக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தார். குரல் மட்டும் சம்பந்தம் பேச வந்தவர் போல அத்தனை கனிவு!

“கேஸுன்னு ஒண்ணு விழுந்துட்டா பாஸ்போர்ட் நின்னுரும்மா. கவர்மென்ட் வேலை நின்னுரும். நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுலயும் யோசிப்பாக. பொம்பளப் புள்ளைய வச்சிருக்கீக... பாத்துக்கோங்க.”

நான் கொடுத்த டீயில் பாதி சாசரில் இருந்தது. என் கை அப்படி நடுங்கியது.

அவர் போனதும் கயலிடம் கெஞ்சினேன். அழுதேன். மறுநாள் காலையில் காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு படுத்தேன். தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, “நார்மல்மா” என்று சொல்லிக் கிளம்பிவிட்டாள்.

அப்புறம்தான் அந்த போன்.

நம் ஊர் வழக்கம் தெரியுமே. ஆர்ப்பாட்டம் செய்பவர்களைப் பிடித்தால் கல்யாண மண்டபத்தில் வைப்பார்கள். மதியச் சாப்பாடு, சாயங்காலம் விடுதலை. ஆனால் அன்றைக்கு நல்ல முகூர்த்தம்! எல்லா மண்டபத்திலும் வாழை மரம் கட்டியாகிவிட்டது. ஊர் ஊருக்குக் காலண்டர் அடித்து அனுப்புகிற சிவகாசியில், ஒரு போலீஸ்காரர் கூடவா அதைத் திருப்பிப் பார்த்திருக்க மாட்டார்?

ஆட்டோ பிடித்து ஓடினேன். கயல் சொன்ன ஒரு மண்டப வாசலில் அவர்களை ஏற்றிய போலீஸ் வேன் நின்றுகொண்டிருந்தது. உள்ளே நாதஸ்வரம், வெளியே கோஷம். மேனேஜர் கேட்டை மறித்து நின்றார்.

“சார், பந்தி நடக்கு. இம்புட்டு பேரை எங்கன உக்கார வைக்க? மணமேடையிலயா?”

சாப்பிட்டுக் கை கழுவியவர்கள் எல்லாம் வெற்றிலையோடு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். என்ன விஷயம் என்று கேட்டார்கள். பட்டுச்சேலை கட்டிய ஒரு பெண் சட்டென்று, “எங்க மதினியும் அந்த வெடியிலதான் போனா” என்றாள். அப்படியே வேனோடு ஒட்டி நின்று கோஷம் போட ஆரம்பித்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர். யாரோ ஜன்னல் கம்பி வழியாக உள்ளே பாயசம் நீட்டினார்கள்!

ஓரிடத்தில் கூட்டம் கூடக் கூடாது என்ற போலீஸே இப்போது மண்டபம் மண்டபமாகப் போய் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தது. இதற்குப் பெயர் ஊர்வலம் இல்லையா? டீசல் கூட அரசாங்கத்துடையது!

நான் சிரித்தேன். நிஜமாகவே சிரித்தேன். அப்போதுதான் அந்த எஸ்.ஐ. என்னைப் பார்த்தார். பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“இன்னும் பேரு எழுதலம்மா. இனி வரமாட்டான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பவே கூட்டிட்டுப் போயிருங்க.”

ஒரே ஒரு வார்த்தை. பாஸ்போர்ட், வேலை, கல்யாணம்... எல்லாம் தப்பித்துவிடும். சொல்ல வாயைத் திறந்தும் விட்டேன்.

கயல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். பக்கத்தில் அவள் தோழி. அம்மாவை இழந்த பெண். அவளும் என்னைத்தான் பார்த்தாள். அவளைக் கூட்டிக்கொண்டு போக யார் வருவார்கள்?

“சொல்லுங்கம்மா” என்றார் எஸ்.ஐ.

“கொஞ்சம் தள்ளுங்க சார்” என்றேன்.

முட்டிவலிக்காரி. வேனின் அந்த உயரமான படியில் எப்படி ஏறினேன் என்று இன்னும் புரியவில்லை. உள்ளே தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் ஒரு அக்கா அதட்டினார்:

“ஏறுனா சட்டுனு உக்காருங்க, காத்தை மறைக்கீக! இந்தாங்க, பாயசம் குடிக்கீகளா?”

பெயர் எழுதினார்கள். என் பெயரையும்தான். சாயங்காலம் விட்டார்கள். கேஸ் வருமா, வராதா? தெரியாது. தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் இப்போதும் கை நடுங்குகிறது.

ஆனால் அன்றைக்கு வேனுக்குள் ஒன்று கண்டுபிடித்தேன் — நடுங்குகிற கையை உயர்த்திக் கோஷம் போட்டால், நடுக்கம் யாருக்கும் தெரிவதில்லை!