படுத்துக்கொண்ட கொக்கு

இன்று காலை ஜன்னலைத் திறந்தபோது எதிர்ச் சுவரில் ஒருவர் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார். அவருடைய வாளியிலிருந்து மைதாப் பசையின் வாசனை மாடிக்கு ஏறி வந்தது. வெந்த மாவின் வாசனை, அதற்கு அடியில் துத்தத்தின் கசப்பு. பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் துத்தம் கலப்பார்கள். நாக்கில் வைக்காமலே நாக்கில் கசக்கிற பொருள் அது. அந்தக் கசப்பு வந்து தொட்டதும் நான் எந்த ஊரில் நிற்கிறேன் என்பது குழம்பிவிட்டது. கதவு வலப்பக்கம் என்று நினைத்துத் திரும்பினேன், பீரோவில் இடித்துக்கொண்டேன். வலப்பக்கம் கதவு இருந்தது கள்ளக்குறிச்சி வீட்டில். அதிலும் மூன்றாவது வீட்டில். அல்லது இரண்டாவதில். பாருங்கள், ஆரம்பிக்கும்போதே இப்படி.

நான் ஓவியம் படித்தவள். ஓவியம் சோறு போடவில்லை. பக்கத்தில் கொசுறாகக் கற்றுக்கொண்ட புத்தகம் கட்டுகிற வேலை போட்டது. பெண்களுக்குக் கைத்தொழில் சொல்லித்தர ஓர் அமைப்பு என்னைக் கள்ளக்குறிச்சிக்கு அனுப்பி வைத்தது. ஒரு நாள் திருநாவலூர், மறுநாள் எலவனாசூர்கோட்டை, வாரக் கடைசியில் கல்வராயன் மலைமேல் வெள்ளிமலை. தோள்பையில் ஊசியும் நூல்கண்டும் இரும்பு ஸ்கேலும். கையில் ஒரு தூக்கு நிறையப் பசை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்கிறவர்கள் அந்தத் தூக்கைச் சும்மா விடமாட்டார்கள்.

“இன்னாங்க அது, கூழா?”

“பசைங்க. பொஸ்தகம் ஒட்டறதுக்கு.”

“ஐய, நல்ல மாவப் போய் இப்பிடிப் பண்ணிக்கினு!”

அந்த வருத்தத்தை நான் இறங்கும்வரை முகத்தில் வைத்துக்கொண்டு வருவார்கள்.

இப்படி ஊர் ஊராக அலைந்தது போதாதென்று, கள்ளக்குறிச்சிக்குள்ளேயே வீடு வீடாகவும் மாறினேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு வீடு, அரிசி ஆலைக்கு எதிரே ஒரு வீடு, கடைசியாக ரஹமத் அக்கா வீட்டு மாடி. கீழே அக்காவின் வீட்டுக்காரர் பாத்திரக்கடை வைத்திருந்தார். மாடிக்குக் குடிவந்த புதிதில் ஒரு மாலை, எலவனாசூர்கோட்டையிலிருந்து திரும்பியவள் நேராகப் பழைய வீட்டுக்குப் போய், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கூடத்தில் உட்கார்ந்துவிட்டேன். புதிதாகக் குடிவந்திருந்த அம்மாள் ஒன்றும் கேட்காமல் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பாதி குடித்த பிறகுதான் சொம்பு என்னுடையதில்லை என்பது உறைத்தது. இதை ரஹமத் அக்காவிடம் சொன்னேன். அதற்குப் பிறகு நான் வெளியே கிளம்பும்போதெல்லாம், “ஏம்மா, திரும்பி வர்றச்ச எந்த வூட்டுக்கு வருவ?” என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டார்.



வெள்ளிமலை பஸ் கச்சிராயபாளையத்தைத் தாண்டும்போது சர்க்கரை ஆலையின் வாசனை ஜன்னல் வழியே வரும். கரும்பு காய்ந்து, புளித்து, கருகி, எல்லாம் சேர்ந்த ஒரு தித்திப்பு. கோமுகி அணையின் கரையில் கொக்குகள் யாரையோ எதிர்பார்த்து நிற்பதுபோல் நிற்கும். பிறகு வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் அணை ஒருமுறை இடப்பக்கம் தெரியும், ஒருமுறை வலப்பக்கம் தெரியும். மேலே போய் இறங்கும்போது தலை சுற்றி, திசை எல்லாம் கலைந்து, உடம்பில் குளிர் மட்டும் மிச்சமிருக்கும்.

அங்கேதான் சின்னப்பொண்ணு. என் வயதுதான் இருக்கும். காலையில் சாமைக் கொல்லையில் களை எடுத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு வகுப்புக்கு வருவாள். நூலைக் கத்தரியால் வெட்டமாட்டாள், பல்லால் கடிப்பாள். என் பசைக்கு ‘டீச்சர் கூழு’ என்று பெயர் வைத்தவள் அவள்தான். வகுப்பிலிருந்த மற்ற பெண்கள் என்னிடம் எதையாவது கேட்க வேண்டுமென்றால் அவளை முன்னால் தள்ளுவார்கள்.

அவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்தது காகிதத்தின் நாரைப் பற்றி. எல்லாக் காகிதத்துக்கும் உள்ளே நார் ஒரு திசையாக ஓடும். தாளை இரண்டு பக்கமும் இலேசாக வளைத்துப் பார்த்தால் தெரியும். எந்தப் பக்கம் முரண்டு பிடிக்காமல் வளைகிறதோ அதுதான் நார் ஓடும் வழி. அந்த நார் புத்தகத்தின் முதுகோடு சேர்ந்து ஓட வேண்டும். குறுக்கே வைத்துத் தைத்தால் மழைக்காலத்தில் தாள் சுருண்டு புத்தகம் வாயைப் பிளந்துகொள்ளும். மலையில் பாதி வருஷம் மழைக்காலம் மாதிரிதான். ஆகவே இதை நான் ஒவ்வொரு வாரமும் சொன்னேன். கண்டிப்பாகச் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் கண்டிப்பாகச் சொன்னது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

ஒரு மதியம் ரஹமத் அக்கா படிக்கட்டடியிலிருந்து குரல் கொடுத்தார். “ஏம்மா! ஒனக்குப் போன் வந்துகீது! கடைக்கு வா, ஓடியா!” பாத்திரக்கடையில், அடுக்கி வைத்த குண்டான்களுக்கு நடுவே நின்று கேட்டேன். கடலோர ஊர் ஒன்றின் ஓவியப் பள்ளி. நான் எப்போதோ விண்ணப்பித்து மறந்திருந்த இடம். ஓவியம் சொல்லித்தர ஆள் தேவை, வரைந்த படங்களை எல்லாம் எடுத்துக்கொண்டு வாருங்கள், படங்களைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு என்றார்கள்.

வேலை கிடைக்குமா என்று தெரியும் முன்பே வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லிவிட்டேன். என் புத்தி அது. எந்த ஊரிலும் ஒரு காலை ஏற்கெனவே தூக்கி வைத்திருக்கும்.

“கெடைக்கலன்னா எங்க போவ?” என்றார் ரஹமத் அக்கா.

“தெரியலக்கா.”

“இன்னா தெரியல? ஒனக்குத் தெரிஞ்சது இன்னா?”

எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் படங்கள்தான். கள்ளக்குறிச்சிக்கு வந்த நாளிலிருந்து வரைந்தவை. பஸ் ஜன்னலில், சந்தையில், அணைக்கரையில், கிடைத்த காகிதத்தில். பெரிதும் சிறிதுமாக, நிற்பதும் கிடப்பதுமாக, ஓர் ஒழுங்கில்லாமல் ஒரு பழைய துண்டில் மூட்டையாகக் கட்டி வைத்திருந்தேன். எதற்குப் பிறகு எதை வைப்பது என்று பலமுறை தரையில் பரப்பிப் பார்த்திருக்கிறேன். காற்று வந்து வேறு ஒழுங்கில் வைத்துவிட்டுப் போகும். சில சமயம் அது என்னுடையதைவிட நன்றாகவும் இருக்கும்.

அந்த வாரம் மழை. மாடியில் கூரை ஒழுகியது. மூட்டையை மூலைக்கு மூலை நகர்த்தி அலுத்துப்போய், வெள்ளிமலைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். வகுப்பறையில் ஓர் இரும்பு பீரோ இருந்தது. நான் ஊரைவிட்டுக் கிளம்பும் அன்று கொண்டுவந்து தரும்படி சின்னப்பொண்ணுவிடம் ஒப்படைத்தேன். அதுதான் கடைசி வகுப்பு என்பதால் எல்லாரும் கொஞ்சம் அழுதோம், நிறைய சிரித்தோம். என்னத்துக்குச் சிரித்தோம் என்பது ஞாபகமில்லை.

கிளம்பும் நாள் காலை. வாசலில் டெம்போ. கட்டிலும் பெட்டியும் ஏறிவிட்டன. டிரைவர் கயிறு கட்டிக்கொண்டே, கரும்பு லாரிகள் வந்துவிட்டால் ரோடு அடைத்துக்கொள்ளும் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். முதல் பஸ்ஸில் இறங்கிய சின்னப்பொண்ணு, வகுப்புப் பெண்கள் சிலரோடு தெருமுனையில் வந்தாள். கையில் துண்டு மூட்டை இல்லை. வேஷ்டித் துணியில் சுற்றிய கனமான ஒன்று இருந்தது.

“ஊருக்கெல்லாம் பைண்டு பண்ணக் கத்துக் குடுக்கறீங்க. ஒங்க படம் மட்டும் துண்டுல அவுந்து கெடக்குதேன்னு…” என்று நீட்டினாள். “நாங்களே சேந்து பண்ணோம். நல்லா கீதா பாருங்க டீச்சர்.”

ஒரே புத்தகம். கருஞ்சிவப்புக் காலிகோ துணி போட்ட அட்டை, மூலைகள் ஊசிபோல் கூர்மை. திறந்தேன்.

முதல் பக்கத்தில் கோமுகி அணையின் கொக்கு. படுத்திருந்தது. அலகு வானத்தைப் பார்க்க, முதுகு தரையில் பட, நன்றாக மல்லாந்து படுத்திருந்தது. கால்களைக் காணோம்.

அடுத்த பக்கம் கரும்பு லாரி நிமிர்ந்து நின்றது, முன்சக்கரம் இல்லாமல். அதற்கடுத்த பக்கம் ரஹமத் அக்கா. கடை வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் கட்டிலில் கிடப்பதுபோல் கிடந்தார். எட்டிப் பார்த்த அக்கா தலையைத் தோள்வரை சாய்த்தார்.

“அட, இன்னாடி இது! உசுரோட கீறவளப் படுக்கப் போட்டுட்டீங்களே!”

பெண்கள் சிரித்தார்கள். சின்னப்பொண்ணு சிரிக்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள்.

“நார் அப்பிடித்தான் ஓடுச்சி டீச்சர்,” என்றாள். “ஒவ்வொண்ணையும் வளைச்சிப் பாத்தோம். நீங்கதான சொன்னீங்க, குறுக்கால தைச்சா வாயப் பொளந்துக்கும்னு.”

சொன்னேன். அளவைப் பற்றியும் சொல்லியிருக்கிறேன்: தாள்களில் எது சின்னதோ, மற்றதெல்லாம் அதற்குச் சமமாக வெட்டப்பட வேண்டும். வெட்டியிருந்தார்கள். இரும்பு ஸ்கேலை வைத்து, ஒரு பிசிறு இல்லாமல். இருப்பதிலேயே சிறியது, எலவனாசூர்கோட்டை பஸ்ஸில் வாய் திறந்து தூங்கிய ஒரு மனிதரைப் பொழுதுபோகாமல் நான் கிறுக்கியது. அவர் மட்டும் முழுதாக, வசதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். மற்ற எல்லாரும் கையையோ காலையோ கொடுத்திருந்தார்கள். ஓரத்தில் போட்ட என் கையெழுத்தும் எல்லாவற்றிலிருந்தும் போயிருந்தது.

“வெட்டுன துண்டுங்க எங்க?” என்று கேட்டேன். என்ன செய்யப் போகிறேன் என்று தெரியாமலே கேட்டேன்.

“புள்ளைங்க காத்தாடிக்கு வாலு கட்டிக்கிச்சுங்க.”

வெள்ளிமலைக்கு மேலே, மழை விட்ட வானத்தில், கொக்கின் கால்களும் லாரிச் சக்கரமும் என் பெயரும் பறந்துகொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. அழுவதா சிரிப்பதா என்று புரியவில்லை.

“படத்தப் பாத்துதான் வேலன்னு சொன்னாங்களேம்மா,” என்றார் ரஹமத் அக்கா, குரலைத் தாழ்த்தி. “இத்த எப்பிடிக் காட்டுவ?”

தாழ்த்தினாலும் அக்கா குரல் தெருவுக்கே கேட்கும். சின்னப்பொண்ணுவின் முகம் மாறியது. இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையைப் பிரித்து, நான் கொடுத்திருந்த சின்னக் கத்தியை எடுத்தாள்.

“பிரிச்சிடட்டா டீச்சர்? நூலுதான. ஒரு இழுப்புல வந்துடும்.”

நூல் வந்துவிடும்தான். தாள் தாளாகப் பிரித்து, நேராகப் பிடித்துக் காட்டலாம். கால் இல்லாத கொக்கு நேராகவாவது நிற்கும். டிரைவர் ஹாரன் அடித்தார். நான் புத்தகத்தின் முதுகைத் தடவினேன். உள்ளே தையல், ஒவ்வொன்றும் ஒரே இடைவெளியில், இழுப்பு கூடாமல் குறையாமல். ஊசி பிடிக்கவே கூச்சப்பட்ட கைகள் அவை. அந்தத் தையலைப் பார்த்தபடி வேண்டாம் என்று தலையசைத்தேன்.

“நெசமாவா?”

“நெசமாதான். கத்திய உள்ள வை.”

கடலோர ஊரில் மூன்று பேர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தை பஸ் ஸ்டியரிங் மாதிரித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். தூங்குகிற மனிதரிடம் மட்டும் கொஞ்சம் நின்றார்கள். பிறகு அவர்களில் மூத்த அம்மாள் புத்தகத்தை மூடி, முதுகில் விரலை ஓட்டி, இதைக் கட்டியது யார் என்று கேட்டார். கல்வராயன் மலையில் என் வகுப்புப் பெண்கள் என்றேன். வேலை கிடைத்தது. ஓவியம் சொல்லித்தர வேறு ஒருவரை எடுத்துக்கொண்டார்கள். எனக்குக் கொடுத்தது, புத்தகம் கட்டச் சொல்லித்தரும் வேலை. கிடைத்ததா, போனதா? இத்தனை வருஷமாக அந்தச் சம்பளத்தில்தான் சாப்பிடுகிறேன், கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

பல வருஷம் கழித்து ஒருமுறை வெள்ளிமலை போனேன். வகுப்பறையில் அரிசி மூட்டைகள் அடுக்கியிருந்தார்கள். பீரோ இல்லை. சின்னப்பொண்ணு திருப்பூரில் இருப்பதாக ஒருவர் சொன்னார், கேரளாவில் மிளகுத் தோட்டத்தில் என்று இன்னொருவர் சொன்னார், இல்லையில்லை சேலம் பக்கம் என்றார் மூன்றாமவர். மூன்று ஊரும் எனக்கு ஒரே தூரமாகப் பட்டது. கள்ளக்குறிச்சியில் ரஹமத் அக்காவின் மாடி இடிபட்டு வரிசையாகக் கடைகள் வந்துவிட்டன. நான் போய் நின்ற இடம் அந்த வாசல்தானா, அடுத்த வாசலா என்பதுகூடத் தெரியவில்லை. எந்த வூட்டுக்கு வருவ என்று கேட்க அங்கே ஆளில்லை.

எதிர்ச் சுவரில் போஸ்டர் காய்ந்து வெளுக்கிறது. ஓரம் இலேசாகச் சுருள்கிறது. நாரைப் பார்க்காமல் ஒட்டிவிட்டார் போல.

அன்றைக்கு டெம்போ நகர்ந்தபோது ரஹமத் அக்கா கையை ஆட்டவில்லை, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். புத்தகம் என் மடியில் இருந்தது. சின்னப்பொண்ணு வண்டியோடு கூடவே வேகமாக நடந்து வந்தாள், ஒரு கை டெம்போ கதவில். அழப்போகிறாள் என்று நினைத்தேன். குனிந்து, ஜன்னலுக்குள் முகத்தை நீட்டி, வகுப்பில் நான் பேசுகிற அதே கண்டிப்போடு சொன்னாள்:

“ஒருக்கா தொறந்துட்டீங்க, சரி. முதுவு இன்னும் காயல டீச்சர். போய்ச் சேர்ற வரைக்கும் தொறக்காதீங்க.”