உறவுக்காரர் இல்லாத ஊர்

ஜெயமலர் ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறாள். அத்தனை வருடத்து விடுமுறையும் கல்யாண வீடு, பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீடு, செத்தவருக்கு அந்தியேட்டி என்று லண்டனிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும்தான் கழிந்தது. போன இடமெல்லாம் யாரோ ஒருவர் வீட்டுக் குசினியில் நின்று வெங்காயம் உரித்தாள். ஈபிள் கோபுரத்தைக் கார்க் கண்ணாடிக்குள்ளால் இரண்டு தரம் பார்த்திருக்கிறாள்.

இல்லத்தின் சாப்பாட்டு அறையில் ஒரு வருடம் ஜப்பான் படங்கள் போட்ட நாட்காட்டி தொங்கியது. பெப்ரவரித் தாளில் ஒரு பழைய தெரு. பனி அரித்துவிடாமல் மண்சுவர் நெடுக வைக்கோல் பாய் கட்டியிருந்தார்கள். கனசாவா நகரத்தில் சாமுராய் வீரர்கள் குடியிருந்த நாகமாச்சி என்று கீழே எழுதியிருந்தது. சுவருக்கும் குளிரும் என்று யோசித்த ஊரை நேரில் பார்க்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

கணவர் புவனேந்திரனிடம் சொன்னாள்.

"உமக்கென்ன விசரே? அங்கை ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை. அதுக்குத்தான் போறன்."

"பெப்ரவரியிலை பாரிசிலை அக்காவின்ரை பேத்திக்குச் சாமத்திய வீடு. நீர் ஆராத்தி எடுக்கவேணும்."

"வேறை ஆரும் எடுக்கட்டும். நான் லீவு கேட்டு அன்ட்ராக் எழுதிக் குடுத்திட்டன். வேலையிலை கையெழுத்தும் வைச்சிட்டினம்."

அவர் இரண்டு கிழமை முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். அவள் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. தனியாக விமானம் ஏறினாள்.

நாகமாச்சியில் பனி கணுக்கால் வரை கிடந்தது. சுவர்ப் பாய்களைக் கையால் தடவிப் பார்த்தாள். ஈரமாக, சொரசொரப்பாக இருந்தன. பெரிய வீரர் ஒருவருடைய மாளிகையையும் தோட்டத்தையும் எல்லோரோடும் சேர்ந்து சுற்றினாள். அவளுக்குப் பிடித்தது தெருக் கோடியில் இருந்த சின்ன வீடு. முந்திக் காலாட்படைச் சிப்பாய்கள் குடியிருந்த வீடு. கூரை தணிவு, அறைகள் சிறிசு. ஜெர்மனிக்கு வந்த புதிதில் அகதி முகாமில் நாலு பேர் படுத்த அறை இதைவிடச் சிறியது. அந்த மரத்தரையில் அரை மணித்தியாலம் சும்மா இருந்தாள். எழும்பு, தேத்தண்ணி வை என்று ஒருவரும் கூப்பிடவில்லை.

வெளியே வந்தபோது கைத்தொலைபேசி அடித்தது. பாரிஸ் மண்டபம். காலை அலங்காரத்துக்கு நடுவே கணவரின் தமக்கை வீடியோவில் நின்றா.

"ஜெயா, சபையிலை எல்லாரும் உம்மைக் கேக்கினம். நான் என்ன சொல்லுறது?"

"ஜப்பானிலை நிக்கிறா எண்டு சொல்லுங்கோ மச்சாள்."

"சனம் என்ன கதைக்கும்?"

"கதைக்கட்டும்."

ஜெயமலர் கமராவைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். மச்சாள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தா.

"இது மண்சுவர். பாய் கட்டிக் கிடக்கு. இதைப் பாக்கவோ போனனீர்?"

"ஓம் மச்சாள். இதைத்தான். குளிருது, வைக்கிறன்."

வைத்ததோடு நில்லாமல் தொலைபேசியை நிற்பாட்டிக் கைப்பைக்குள் போட்டாள். முதலில் பயமாக இருந்தது. நாலு அடி நடந்த பிறகு சிரிப்பு வந்தது. இருட்டும் வரை அந்தத் தெருக்களில் திரும்பத் திரும்ப நடந்தாள். ஒரு தரம் வழி தவறியும் போனாள்.

மச்சாள் நாலு மாதம் கதைக்கவில்லை. பிறகு டோர்ட்முண்டில் ஒரு கல்யாண வீட்டில், "வீரப் பெண் வாறா" என்று பலர் கேட்கச் சொன்னா. ஜெயமலர் தலை குனியவில்லை. பக்கத்து மேசைப் பெண் ஒருத்தி மெல்லக் கதிரையை இழுத்துப் போட்டுக் கேட்டாள்.

"அக்கா, தனியப் போக ஏலுமோ?"

"ஏலும். வெளிக்கிட்டாப் போதும்."

வீடு திரும்பும்போது புவனேந்திரன் காரில் கேட்டார்:

"அடுத்த முறை நானும் வரட்டோ?"

"யோசிச்சுச் சொல்லுறன்" என்றாள்.