மாற்றிச் சொன்ன முடிவு

திடீரென்று பணம் வந்தவனைப் பற்றிய புத்தகம் என்றால் எனக்கு உயிர். லாட்டரி விழுந்தவன், கிணறு தோண்டும்போது புதையல் எடுத்தவன், முகம் தெரியாத பெரியப்பாவின் சொத்து வந்து சேர்ந்தவன் என்று பழைய புத்தகக் கடையில் எதைப் பார்த்தாலும் வாங்கிவிடுவேன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோன எனக்கு அதுதான் காலேஜ். படித்ததைத் தறியில் உட்கார்ந்து சொல்வேன். எங்கள் கொட்டகையில் நான்கு தறி. கை நெய்துகொண்டிருக்கும், காது சும்மாதானே இருக்கிறது.

அந்தப் புத்தகங்கள் எல்லாமே, 'அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான்' என்பதை இருநூறு பக்கத்துக்கு இழுத்தவைதான். பணம் வரும், சொந்தம் போகும், கடைசியில் வாயில் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது. நானும் அப்படியேதான் சொல்லிவந்தேன், பக்கத்துத் தறிக்காரனுக்குப் பணம் வரும்வரை.

கூரம் போகும் வழியில் அவன் எப்போதோ மலிவாக வாங்கிப்போட்ட முள்காட்டை, ஒரு கம்பெனி அவன் சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டது. மறுநாளும் வந்து தறியில் உட்கார்ந்து, குறுக்கு நூல் ஓட்டும் நாடாவைக் கையில் எடுத்தான். கொட்டகை சும்மா விடுமா?

"இன்னாபா முதலாளி, இன்னும் நாடா தள்ளிக்கினு இருக்கிற?"

"கையி சும்மா இருந்தா கைமாத்து கேக்க வந்துடுவீங்களே, அதான்."

பேச்சுதான் அப்படி. தினம் ஒரு சொந்தக்காரர் வாசலில் வந்து நிற்க, ஆள் பயந்துபோயிருந்தான். அந்த வாரம் நான் சொல்லிக்கொண்டிருந்தது, லாட்டரி விழுந்த டீக்கடைக்காரன் கதை. பணம் வந்ததும் அவன் ஒரு வருஷம் எந்தச் சொந்தக்காரர் வாசற்படியையும் மிதிப்பதில்லை. புத்தகத்தில் அவன் தனியாகச் செத்துப்போகிறான். நான் அதை மாற்றினேன்.

"ஒரு வருஷத்துல ஒட்டுண்ணியெல்லாம் தானா உதிர்ந்துபோச்சு. அப்புறம் இன்னா, ராஜா மாதிரி வாழ்ந்தான்!"

கொட்டகையே சிரித்தது. அவன் மட்டும் சிரிக்காமல், "ஒரு வருஷமா?" என்று கேட்டான்.

"ஒரே வருஷம்" என்றேன். வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று பேசுகிறவன் நான்.

அடுத்த மாதம் ஐயம்பேட்டையில் அவன் தங்கை மகளுக்குக் கல்யாணம். முதல்நாள் மொய்க் கவரை என்னிடம் நீட்டினான்.

"நீ போய்க்கினு வாபா. நான் வந்தா அத்தனை பேரும் என் மூஞ்சியில நோட்டைத்தான் பார்ப்பாங்க. ஒரு வருஷம் போகட்டும், உன் டீக்கடைக்காரன் மாதிரி."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். கவரை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

பெண்ணுக்குத் தாய்மாமன்தான் நெற்றியில் பட்டம் கட்டி, மாலை போட்டு, மணவறைக்கு அழைத்து வரவேண்டும். "மாமன் வாங்கோ" என்று ஐயர் மூன்று முறை கூப்பிட்டார். அவன் தங்கை மண்டப வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"தினமும் எங்க அண்ணன் கூடத்தானே உக்காந்துக்கினு இருக்கிறீங்க. நீங்களே வந்து நில்லுங்கண்ணா."

"நானா? வேணாம்மா, இப்ப வந்துடுவான்..."

"வராதுண்ணா. நான் இன்னா அது பணத்தையா கேட்டேன்? வந்து நில்லுன்னுதானே கேட்டேன்."

பட்டம் கட்டினேன். முடிச்சு இரண்டு தடவை நழுவியது. "மெதுவா கட்டுங்க மாமா, நேரம் இருக்குது" என்று அந்தப் பெண் சிரித்தாள்.

திங்கட்கிழமை தறியில் உட்கார்ந்ததும் அவன் கேட்டான்: "மாமனா யாரு நின்னாங்க?"

"நான்தான்."

அவன் கை நின்றுவிட்டது. புத்தகத்தின் உண்மையான முடிவைச் சொன்னேன்.

"அப்புறம் ஏன்டா மாத்திச் சொன்ன?"

"உனக்குப் புடிக்கும்னு."

"எனக்குப் புடிக்குமான்னு இதுக்கு முன்னால என்னைக்குடா பார்த்த?"

அதற்குப் பதில் எனக்குத் தெரியும். முள்காட்டுக்காரனாக இருந்தவரை அவனிடம் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறேன். பணக்காரனான பிறகு, அவன் காதுக்கு இனிக்கப் பேசியிருக்கிறேன்.

அப்போதே கிளம்பி இருவரும் ஐயம்பேட்டை போனோம். புது ஜோடி மறுவீட்டுக்கு வந்திருந்தது. தங்கை எங்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். "மாமன் வந்துருக்காரு, கால்ல விழுந்து கும்பிடுங்க" என்றாள் உள்ளே பார்த்து. இரண்டு பேரும் நேராக என்னிடம் வந்து விழுந்தார்கள். குனிந்த தலைகள்மேல் கை வைத்தேன். வேறென்ன செய்வது? அவர்கள் எழுந்து அவன் பக்கம் திரும்பியபோது, அவன் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.