லொட்ஜ் என்று சொன்னவர்

பழிவாங்குவது பாவம் என்று சொல்கிறவர்களின் வீட்டில் யாரும் வந்து கலியாணப் பேச்சைக் குழப்பியிருக்க மாட்டார்கள். என் தங்கச்சிக்குக் குழப்பினார்கள். குழப்பியவர் ஒரே ஒருவர். அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை, மன்னிக்கிற யோசனையும் இல்லை.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. நான் லண்டன் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், ஹவுன்ஸ்லோவிலிருந்து ஒரு பஸ்ஸில் போகிற தூரத்தில், ஒரு பெரிய ஹோட்டலின் றிசெப்ஷனில் வேலை செய்தேன். வீடு பிளேஸ்டோவில். நகரத்தின் கிழக்கு அந்தத்திலிருந்து மேற்கு அந்தத்துக்கு ரயிலில் வந்து போவேன். முன்பு ஜெர்மனியில் அகதியாக இருந்தபோது படித்த மொழிதான் அந்த வேலையை வாங்கித் தந்தது. கறுப்புக் கோட்டும் கழுத்தில் பட்டுத் துணியுமாக நிற்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

யாழ்ப்பாணத்துக் காதுக்கு ஹோட்டல் என்றால் தேத்தண்ணியும் வடையும் விற்கிற கடை. படுக்க அறை கொடுக்கிற இடம் லொட்ஜ். அந்தச் சொல்லோடு ஒரு பெண்ணைச் சேர்த்துச் சொன்னால், பிறகு அவளைப் பற்றி யாரும் நல்லதாக நினைக்க மாட்டார்கள்.

தங்கச்சிக்குக் குரோய்டனிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. கொண்டுவந்தவர் எங்கள் பகுதியில் எல்லோரும் ஐயா என்று கூப்பிடுகிற பெரிய மனிதர். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் மேடை ஏறிப் பண்பாடு பற்றிப் பேசுவார். பெட்டைகளின் பாவாடை நீளம் வரைக்கும் அவரிடம் கருத்து இருந்தது. மூத்தவள் எங்கே வேலை என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார். ஹோட்டலில் என்றதும், கோப்பை கழுவுகிற வேலையோ என்றிருக்கிறார். அம்மாவுக்கு ரோசம் வந்துவிட்டது.

"சாப்பாட்டு ஹோட்டல் இல்லை ஐயா. ஆக்கள் வந்து தங்கிற பெரிய லொட்ஜ்."

வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்துவிட்டது. எந்த இடம், என்ன வேலை என்று அவர் மேற்கொண்டு கேட்கவேயில்லை. பழி சொல்வதற்கு விலாசம் எதற்கு? மாப்பிள்ளை வீட்டில் அவர் சொன்னது அவர்களுடைய சின்னம்மா வழியாகப் பிறகு எங்களுக்கு வந்து சேர்ந்தது. "அக்காக்காரி லொட்ஜிலை வேலை. அதுக்கு மேலை என்னைக் கேட்காதேங்கோ." பேச்சு அத்தோடு முறிந்தது. தங்கச்சிக்குக் கோபம் அவர் மேல் வரவில்லை, என் மேல் வந்தது. வேறு வேலை கிடைக்கவில்லையோ என்று ஒருமுறை கேட்டாள். பிறகு ஒரே அறையில் படுத்து எழும்பினோமே தவிர, அவள் என்னோடு கதைக்கவில்லை.

அவர் நினைத்த விஷயம் எங்கள் ஹோட்டலில் நடக்கவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. எந்தப் பெரிய ஹோட்டலிலும் அறைக்குப் பெண்கள் வருவார்கள், போவார்கள். அதற்கென்று ஒரு ஒழுங்கு உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மனேஜர் சொல்லித் தந்தார். அறைக்கு யார் வருகிறார் என்பதில் நமக்கு வேலையில்லை, ஆனால் முன்பின் தெரியாத யாரும் தனியே மேலே போகக்கூடாது. லிஃப்ட் அறை அட்டை இல்லாமல் நகராது. ஆகவே தங்கியிருப்பவர் கீழே வந்து கூட்டிப்போக வேண்டும். வந்தவளின் உடுப்பைப் பார்க்கக்கூடாது, உங்கள் விசிட்டர் என்றுதான் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: ஒருவர் இங்கே வந்தாரா இல்லையா என்று வெளியில் யார் கேட்டாலும், பெண்சாதியே வந்து கேட்டாலும், ஓமென்றும் சொல்லக்கூடாது, இல்லையென்றும் சொல்லக்கூடாது.

கீழே வரக் கூச்சப்படுகிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காக நாங்களே ஒரு போர்ட்டரை அட்டையோடு கூட அனுப்பிவிடுவதும் உண்டு. அது சட்டத்தில் இல்லாத ஒரு தயவு.

ஒரு மத்தியானம் சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒரு பெண் வந்து, அறை எண்ணைச் சொல்லி, தன் அடையாள அட்டையைத் தானாகவே எடுத்து நீட்டினாள். ஒழுங்கு தெரிந்தவள். நான் கணினியில் அறைக்காரரின் பெயரைப் பார்த்தேன். ஐயாவின் பெயர். பெயருக்குக் கீழே பிளேஸ்டோ விலாசம். தெருவும் தெரிந்த தெரு. தெரிந்த கண்ணில் படக்கூடாது என்று லண்டனையே குறுக்கறுத்து வந்து, மனிதர் நேராக என் மடியில் விழுந்திருந்தார்.

போர்ட்டர் சும்மாதான் நின்றான். நான் அவனைக் கூப்பிடவில்லை. போனை எடுத்து, தமிழிலேயே பேசினேன்.

"வணக்கம் ஐயா. உங்களைப் பார்க்க ஒரு விசிட்டர் வந்திருக்கிறா. எங்கட லொட்ஜிலை சட்டம், நீங்கள்தான் கீழை வந்து கூட்டிக்கொண்டு போகவேணும்."

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தத்தை நான் ரசித்துக் கேட்டேன்.

கடைசியில் இறங்கி வந்தார். மேடைக்குப் போடுகிற அதே கோட்டு. என் முகத்தைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஈ ஆடவில்லை. இந்தப் பெண்ணைத் தனக்குத் தெரியாது, ஏதோ பிழை நடந்திருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவள் தன் அட்டையை எடுத்துக்கொண்டு திரும்பினாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டு டாக்சி பிடித்துக் கொடுத்தேன். அவளோடு எனக்கு என்ன கோபம்? ஒளிவுமறைவு இல்லாமல் வந்து நின்றவள்.

அவள் போனபிறகு அவர் மேசையில் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்.

"தங்கச்சி, இது வெளியிலை போகவேண்டாம்."

"இது ஹோட்டல் ஐயா. இஞ்சை நடக்கிறதை நாங்கள் வெளியிலை கதைக்கிறேல்லை. லொட்ஜ் எண்டால்தான் கதைப்பினம்."

நான் சொன்னது உண்மை. யாரிடமும், தங்கச்சியிடம்கூட, நான் வாய் திறக்கவில்லை. அவர்தான் நம்பவில்லை. தன்னை வைத்துத்தானே என்னையும் அளப்பார். கோயிலில் கண்டால் தூணுக்குப் பின்னால் போவார். நான் விடாமல் தேடிப்போய், ஐயா சுகமோ என்று கேட்பேன்.

அடுத்த சம்பந்தம் ஹவுன்ஸ்லோவிலிருந்து வந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கும் அவர் தெரிந்தவர், ஆகவே அவரையும் அவர் மனைவியையும் கூட்டிக்கொண்டு பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் என்னைக் காட்டி, மூத்தவ எங்கே வேலை என்று கேட்டார். அம்மா வாயைத் திறந்தார். தங்கச்சி நிலத்தைப் பார்த்தாள். அதற்குள் ஐயா முந்திக்கொண்டார்.

"பெரிய ஹோட்டல் ஒண்டிலை. நல்ல உத்தியோகம். மரியாதையான இடம்."

நான் வடைத் தட்டை அவரிடம் நீட்டினேன். "ஓம், ஐயாவுக்கு எங்கட இடம் நல்லாத் தெரியும்" என்றேன்.

அவர் மனைவி கணவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, இவர் அங்கை வந்தவரோ?"

ஒரு 'இல்லை' போதும், அவரைக் காப்பாற்ற. அந்தச் சொல் என் நாக்கில்தான் இருந்தது.

"ஆக்கள் வந்ததையும் வராததையும் நாங்கள் சொல்லக்கூடாது மாமி. ஹோட்டல் சட்டம்."

மாப்பிள்ளையின் தாய், நல்ல ஒழுங்கான இடம் போல என்று தலையாட்டினார். ஐயாவின் கையில் வடை கடிபடாமல் அப்படியே இருந்தது.

அந்த ஆவணியில் கலியாணம் நடந்தது. தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டுதான் மணவறைக்குப் போனாள். ஐயாவும் வந்து அட்சதை போட்டார். தனியேதான் வந்தார்.