பன்னிரண்டு அடிக்கப் பத்து விநாடி

எங்கள் ஹெட்கிளார்க்கின் மேஜையில் சிவப்புத் துணி அட்டை போட்ட ஒரு புத்தகம் இருக்கும். சீமைக்குக் கப்பலேறிய துரை ஒருவர் அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனது. முன்பக்கங்களில் இங்கிலீஷில் புதிர்கள், கடைசிப் பக்கங்களில் விடைகள். தல்லாகுளத்தில் இருந்த அந்த ஆபீசுக்கு யார் வந்தாலும் அவரிடம் ஒரு புதிரை வாங்கிக்கொள்ளாமல் திரும்ப முடியாது. மனு கொடுக்க வந்தவர்களையும் விடமாட்டார். புலி, ஆடு, புல்லுக்கட்டு மூன்றையும் ஒவ்வொன்றாகப் படகில் அக்கரை சேர்க்கும் புதிரை ஒருநாள் ஏர் உழும் ஆனையூர் சம்சாரி ஒருவரிடம் போட்டார். முதலில் ஆட்டைக் கொண்டுபோய் விட வேண்டும். அடுத்து புலியை விட்டுவிட்டு ஆட்டைத் திரும்பக் கூட்டி வர வேண்டும். பிறகு புல்லுக்கட்டைச் சேர்த்துவிட்டு, கடைசியாக வந்து ஆட்டை ஏற்றிக்கொள்ள வேண்டும். அதுதான் விடை. சம்சாரியோ, "வைகையில எங்கய்யா தண்ணி கெடக்கு? மூணையும் நடத்திக் கூட்டிட்டுப் போயிர வேண்டியதுதானே" என்றார். ஆபீஸே சிரித்தது. எல்லாரையும்விட ஹெட்கிளார்க்தான் அதிகம் சிரித்தார். தங்கமான மனிதர் என்று நானும் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் அங்கே சேர்ந்ததே ஒரு புதிரால்தான். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்துவிட்டு இரண்டு வருஷம் வீட்டில் தண்டச்சோறு தின்றுகொண்டிருந்த காலம். ஒரே ஒரு குமாஸ்தா இடம் காலியாக இருந்தது. கையெழுத்து, கணக்கு என்று எல்லாம் பார்த்துக் கழித்தபின் இரண்டு பேர் மிஞ்சினோம். ஆளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அப்போதிருந்த துரை ஹெட்கிளார்க்கிடமே விட்டிருந்தார். இன்னொருவர் சமயநல்லூர்க்காரர், என் வயதுதான் இருக்கும். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவராகவே பேச்சுக் கொடுத்தார். "ரெண்டு வருசமா மழை இல்ல. கெணறு காஞ்சு கெடக்கு. எனக்கு இந்த வேலை கெடைச்சாத்தான் தம்பி படிப்பு நிக்காது" என்றார். தூக்குச்சட்டியைத் திறந்து கம்பஞ்சோற்றில் பாதியை என் பக்கம் தள்ளினார். நான் வாங்கித் தின்றேன். இதை எழுதும்போது எனக்கே என்மேல் ஆத்திரம் வருகிறது.

இருவரையும் ஒன்றாகவே உள்ளே கூப்பிட்டார் ஹெட்கிளார்க். புத்தகத்தைப் பிரித்து மார்போடு வைத்துக்கொண்டு கேட்டார்: "தாலுகா கச்சேரியில ஆறு மணி அடிக்க அஞ்சு விநாடி ஆகுது. பன்னெண்டு மணி அடிக்க எம்புட்டு விநாடி ஆகும்?"

சமயநல்லூர்க்காரர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "பதினொண்ணுங்கய்யா."

"பத்துன்னுல்ல புத்தகத்துல போட்டிருக்கு" என்றார் ஹெட்கிளார்க், கடைசிப் பக்கத்தைப் புரட்டி ஒரு விரலை வைத்துக்கொண்டு.

சமயநல்லூர்க்காரர் பதறவில்லை. வேலிக்குக் கல் ஊன்றிப் பழகிய மனிதர். "ஆறு கல்லு ஊனினா நடுவுல அஞ்சு சந்துதானங்கய்யா. மணியும் அப்படித்தான். ஆறு அடிக்கு நடுவுல அஞ்சு சந்து, சந்துக்கு ஒரு விநாடி. பன்னெண்டு அடிச்சா பதினொரு சந்து" என்று விரல்களை விரித்துக் காட்டினார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கச்சேரியில் பகல் பன்னிரண்டு அடிக்கத் தொடங்கியது. "எண்ணிப் பாருங்கய்யா" என்று ஆசையாகச் சொல்லி, ஒவ்வொரு அடிக்கும் நடுவில் ஒரு விரலை மடக்கிக்கொண்டே வந்தார். சேவகர்கூட வாசலில் நின்று எண்ணினார். பதினொன்று. அதைவிடத் தெளிவாக எந்தப் புதிருக்கும் யாரும் விடை சொல்லியிருக்க முடியாது.

ஹெட்கிளார்க் அவரைப் பார்க்கவே இல்லை. "அச்சுல வந்தது பொய்யா? நீ சொல்லுப்பா" என்று என் பக்கம் திரும்பினார்.

எனக்கும் விடை தெரியும். கேட்டவுடனே தெரியும். ஹெட்கிளார்க்கின் விரல் இன்னும் புத்தகத்தில் இருந்ததைப் பார்த்தேன். வீட்டில் அப்பாவின் முகத்தை நினைத்தேன். "பத்துங்கய்யா" என்றேன்.

மறுநாள் காலையிலேயே வேலையில் சேர்ந்தேன். சமயநல்லூர்க்காரர் அன்று போகும்போது என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. "வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நாலு திட்டு திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

பாவம் மனிதர், அச்சில் வந்ததை நம்பி ஏமாந்துவிட்டார், இங்கிலீஷ் புத்தகமென்றால் நம்மவர்களுக்கு வேதவாக்குதானே என்று ஹெட்கிளார்க்குக்காக நானே எனக்குள் வாதாடிக்கொண்டு ஏழெட்டு வருஷம் ஓட்டினேன். யுத்த காலத்தில் அவர் ரிட்டையரானார். போகிற அவசரத்தில் புத்தகத்தை மேஜை டிராயரிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். அது அதுவரை என் கைக்கு வந்ததில்லை. எடுத்ததும் அந்த ஒரு விடையைத்தான் தேடினேன். பதினொன்று என்று இருந்தது. அச்சுப் பிழை எதுவும் இல்லை. அதன் கீழே சிவப்புப் பென்சிலில் ஒரு கோடு வேறு. அந்தக் கோட்டை எனக்கு நன்றாகத் தெரியும். என் ஃபைல்களில் தினமும் அவர் போட்டுக்கொண்டிருந்த கோடு.

அந்த வாரம்தான் சமயநல்லூர்ப் பக்கத்துச் சேவகர் ஒருவரிடம் விசாரித்தேன். ஏழெட்டு வருஷம் விசாரிக்காமல் இருந்தவன் நான். "அவரா? தம்பி படிப்பை நிப்பாட்டி மாடு மேய்க்க விட்டுட்டு, அவரு ரங்கூனுக்குப் பொழைக்கப் போனாருண்ணே. ஜப்பான்காரன் குண்டு போட்டதுலருந்து ஒரு காயிதமும் இல்ல. அவுக ஆத்தா இன்னும் தபால்காரரை மறிச்சு நிக்குது" என்றார்.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு நேரே ஹெட்கிளார்க் வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் என்னென்ன கேட்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். சாய்வு நாற்காலியில் இருந்தவர் என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். நான் அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டியதும் சிரித்தார். அதே சிரிப்பு.

"பார்த்துட்டியாக்கும். அந்தப் பய கெட்டிக்காரன்தான்ப்பா. கெட்டிக்காரனை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? நாளைக்கு நான் ஒண்ணு சொன்னா, கையை விரிச்சுக் காட்டி இல்லைம்பான். நான் பத்துன்னா பத்துன்னு எழுதுற ஆளுதான் எனக்கு வேணும். உனக்கும் விடை தெரியும்னு அப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பத்துன்ன பாரு, அதான் உன்னை எடுத்தேன்."

ரங்கூனைச் சொல்ல வேண்டும், அந்தத் தாயைச் சொல்ல வேண்டும், புத்தகத்தை அந்த மூஞ்சியில் விட்டெறிய வேண்டும் என்று இருந்தது. அதற்குள் அவர் வீட்டுக்குள் பார்த்துக் காப்பி கொண்டுவரச் சொல்லிவிட்டு, "என்னப்பா, எம்மேல கோவமா?" என்று கேட்டார்.

"இல்லீங்கய்யா" என்றேன்.